ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட்: உங்கள் வெப்சைட்டிற்கு எது தேவை?

வெப்சைட் தயாரிக்கக் கற்றுக் கொள்ளும் மாணவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இதுதான்: "ரியாக்ட் படிக்கலாமா, வியூ படிக்கலாமா? வெப்பேக் வேண்டுமா, வீட் போதுமா?" நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணியாற்றுகிறேன். அலுவலகத்தில் தினமும் ரியாக்ட்டில்தான் வேலை. எனவே "ரியாக்ட் படியுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே ரியாக்ட்டை வைத்து என் அப்பாவின் கடைக்கு நான் செய்து கொடுத்த வெப்சைட்டை, வாடிக்கையாளர்களால் திறக்க முடியவில்லை; மூன்று ஆண்டுகள் கழித்து என்னாலேயே திருத்தவும் முடியவில்லை. எனவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

கோவில்பட்டியில் அப்பா பம்ப்செட் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். 2020 ஊரடங்கின்போது கடையைத் திறக்க முடியாத நாட்களில், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஓயாமல் போன் வரும். "இம்பெல்லர் என்ன விலை? கெபாசிட்டர் இருக்கா?" என்று கேட்பார்கள். அப்பா பட்டியல் நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வார். நான் அப்போது வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக் கொண்டிருந்தேன். 340 பொருட்களின் விலைப் பட்டியலை வெப்சைட்டில் போட்டுவிட்டால் அவருக்குச் சிரமம் குறையுமே என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் வெப்சைட் தயார். ரியாக்ட், அதற்கு மேல் அழகான பட்டன்கள் தரும் ஒரு லைப்ரரி, தேதியைக் காட்ட ஒரு லைப்ரரி என எல்லாம் சேர்த்திருந்தேன். என் லேப்டாப்பில் பளிச்சென்று திறந்தது. அப்பாவும் மகிழ்ச்சியுடன் பில் புத்தகத்தில் முகவரியை அச்சிட்டுவிட்டார்.

2023 ஆம் ஆண்டு விலைகள் மாறின. புதிய விலைகளைப் போட, ஊருக்குச் சென்று என் புதிய லேப்டாப்பில் பழைய புரோகிராமைத் திறந்தேன். பில்ட் செய்வதற்கான கட்டளையைக் கொடுத்தவுடன், 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. நான் ஒரு வரியைக் கூட மாற்றவில்லை. அன்று முழுவதும் அதனுடன் மல்லுக்கட்டினேன். மாலையில் அப்பா, "ஒரு ரேட்டை மாத்த இவ்வளவு பாடா?" என்று கேட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். பல வாடிக்கையாளர்கள், "அண்ணாச்சி, உங்க பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு" என்று போன் செய்து, பழையபடி அவரிடமே விலை கேட்டு வந்திருக்கிறார்கள். "நீ ஆசையா செஞ்சு குடுத்தது. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார்.

பக்கம் வெள்ளையாக இருந்தது ஒரு பிரச்னை. விலையைத் திருத்த முடியாதது வேறொரு பிரச்னை. முதலாவது லைப்ரரி தொடர்பானது. இரண்டாவது பில்ட் டூல் தொடர்பானது. இந்த இரண்டையும் தனித் தனியே புரிந்து கொண்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லைப்ரரி செய்யும் வேலை

ஒரு வெப் பக்கத்தில் பொருளின் எண்ணிக்கையை 2 லிருந்து 3 ஆக மாற்றுகிறீர்கள். உடனே அந்த வரியின் தொகை மாற வேண்டும். வரி மாற வேண்டும். மொத்தம் மாற வேண்டும். மேலே கூடைப் படத்தின் அருகில் உள்ள எண்ணும் மாற வேண்டும். ஒரு தகவல் மாறினால் திரையில் நான்கு இடங்கள் மாறுகின்றன. இவற்றில் ஒன்றை மாற்ற மறந்தாலும் கணக்கு தப்பாகத் தெரியும். தகவலையும் திரையையும் எப்போதும் ஒன்றாக வைத்திருப்பதுதான் இந்த லைப்ரரிகளின் முதன்மையான வேலை.

2006 ஆம் ஆண்டு ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரியில் இந்த நான்கு இடங்களையும் நாம்தான் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். அப்போது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாக நடந்து கொண்டதால், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இயங்கும் ஜேக்வெரி பெரிய வரமாக இருந்தது. இன்றும் மிகப் பல தளங்களில் அது இயங்கிக் கொண்டிருக்கிறது. ஆனால் அது தீர்த்து வைத்த பிரவுசர் வேறுபாடுகள் இப்போது பெரும்பாலும் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் 2022 ஜூனில் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. எனவே புதிய தளத்திற்கு ஜேக்வெரி அவசியமில்லை.

ரியாக்ட்: பேஸ்புக் நிறுவனத்தில் ஜோர்டன் வாக் உருவாக்கிய இது, 2013 மே மாதம் அனைவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. இது திரையின் மாதிரி ஒன்றை மெமரியில் வைத்துக் கொள்கிறது. தகவல் மாறியதும் புதிய மாதிரியைத் தயாரித்து, பழையதுடன் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் திரையில் மாற்றுகிறது. "தகவல் இப்படி இருந்தால் திரை இப்படி இருக்க வேண்டும்" என்று மட்டும் நாம் எழுதினால் போதும். எச்.டி.எம்.எல். போலத் தோன்றும் ஜே.எஸ்.எக்ஸ். என்ற எழுத்து முறையை இதில் பயன்படுத்துகிறோம். இதனைப் பிரவுசர் நேரடியாகப் புரிந்து கொள்ளாது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

வியூ: கூகுளில் பணியாற்றிய இவான் யூ, 2014 இல் தனி ஆளாக வெளியிட்டது. எந்தத் தகவலைத் திரையின் எந்தப் பகுதி பயன்படுத்துகிறது என்பதை இது குறித்து வைத்துக் கொள்கிறது. அந்தத் தகவல் மாறும்போது அந்தப் பகுதியை மட்டும் புதுப்பிக்கிறது. வழக்கமான எச்.டி.எம்.எல். தெரிந்தவர்களுக்கு இது எளிதாக வரும். பில்ட் டூல் எதுவும் இல்லாமல், பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தும் இதனைப் பயன்படுத்தலாம்.

ஸ்வெல்ட்: 2016 இல் ரிச் ஹாரிஸ் வெளியிட்டது. இது பெரும்பாலான வேலையைப் பிரவுசரில் செய்யாமல், நாம் பில்ட் செய்யும்போதே முடித்துவிடுகிறது. நாம் எழுதியதைப் படித்து, "இந்தத் தகவல் மாறினால் இந்த இடத்தை மாற்று" என்ற நேரடியான ஜாவா ஸ்கிரிப்ட்டாக மாற்றித் தருகிறது. எனவே சிறிய பக்கங்களுக்கு மிகக் குறைந்த அளவே டவுன்லோட் ஆகும்.

ஆங்குலர்: கூகுள் நிறுவனத்தினுடையது. பக்கங்களுக்கிடையே செல்லுதல், படிவங்கள், சர்வருடன் பேசுதல் என எல்லாமே சேர்த்துத் தரப்படும் முழுத் தொகுப்பு. பலர் சேர்ந்து செய்யும் பெரிய நிறுவன வேலைகளுக்குப் பொருந்தும். 2010 இல் வந்த ஆங்குலர் ஜேஎஸ் வேறு, 2016 இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட ஆங்குலர் வேறு. பழையதற்கான ஆதரவு 2021 ஆம் ஆண்டுடன் முடிந்துவிட்டது. பழைய பாடப் புத்தகங்களை வாங்கும்போது இதனைக் கவனித்து வாங்கவும்.

இனி என் வெள்ளைப் பக்கத்திற்கு வருவோம். நான் ரியாக்ட்டைப் பயன்படுத்திய முறையில், சர்வரிலிருந்து முதலில் வரும் எச்.டி.எம்.எல். பக்கத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு காலிப் பெட்டி மட்டும்தான். ஜாவா ஸ்கிரிப்ட் முழுவதும் வந்து சேர்ந்து, இயங்கத் தொடங்கிய பின்தான் திரையில் எழுத்துகள் தெரியும். ரியாக்ட் மட்டும் சுருக்கிய நிலையில் 40 கே.பி.க்கு மேல் வரும். நான் சேர்த்த மற்ற லைப்ரரிகளுடன் மொத்தம் 400 கே.பி. ஆகியிருந்தது. சிக்னல் குறைந்த தோட்டத்தில், நொடிக்கு 400 கிலோபிட் வேகம் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 400 கே.பி. என்பது 3,200 கிலோபிட். டவுன்லோட் ஆகவே 8 நொடி ஆகும். விலை குறைந்த போனில் அதைப் படித்து இயக்க மேலும் சில நொடிகள். கிணற்று மேட்டில் மோட்டார் ஓடாமல் நிற்கும்போது யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? போன் போட்டு அண்ணாச்சியிடமே கேட்டுவிடுவார்கள்.

ரியாக்ட் பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பும் வழிகளும் உள்ளன. நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்றவை அதற்காகவே வந்தவை. ஆனால் என் கேள்வி அதற்கும் முந்தையது. 340 வரிகள் கொண்ட விலைப் பட்டியலில், தகவல் மாறும்போது திரையில் மாற வேண்டிய இடங்கள் எத்தனை? எதுவும் இல்லை. விலை மாறுவது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை. இல்லாத பிரச்னைக்கு நான் மருந்து வாங்கியிருந்தேன்.

பில்ட் டூல் செய்யும் வேலை

பில்ட் டூல்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, ஜே.எஸ்.எக்ஸ்., டைப் ஸ்கிரிப்ட் போன்றவற்றைப் பிரவுசருக்குப் புரியும் ஜாவா ஸ்கிரிப்ட்டாக மாற்றுவது. இரண்டாவது, நூற்றுக் கணக்கான சிறு பைல்களைச் சில பைல்களாகச் சேர்ப்பது. மூன்றாவது, தேவையற்ற இடைவெளிகளையும் பயன்படாத பகுதிகளையும் நீக்கி அளவைக் குறைப்பது.

வெப்பேக்: 2012 இல் டோபியாஸ் காப்பர்ஸ் தொடங்கியது. முதல் பைலைப் படித்து, அது கேட்கும் பைல்கள், அவை கேட்கும் பைல்கள் என ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று அனைத்தையும் ஒன்று சேர்க்கும். எதையும் செய்யும் திறன் உண்டு. ஆனால் அதற்கான அமைப்பு பைலை எழுதுவதே தனிக் கலை. புரோகிராம் பெரிதாகப் பெரிதாக, தொடங்குவதற்கே காத்திருக்க வேண்டியிருக்கும்.

பார்சல்: 2017 இல் வந்தது. அமைப்பு பைல் எதுவும் எழுதாமலேயே தொடங்கிவிடலாம் என்பது இதன் சிறப்பு.

ரோல்அப்: 2015 இல் ரிச் ஹாரிஸ் உருவாக்கியது. பயன்படாத பகுதிகளைக் கழித்துவிடும் முறையைப் பிரபலமாக்கியது இதுதான். லைப்ரரி எழுதுபவர்கள் அதிகம் விரும்பினர்.

ஈஎஸ்பில்ட்: 2020 இல் இவான் வாலஸ், கோ மொழியில் எழுதியது. அதுவரை இருந்த டூல்களைவிடப் பல மடங்கு வேகம்.

வீட்: 2020 இல் வியூவின் இவான் யூ வெளியிட்டது. பிரெஞ்சு மொழியில் 'விரைவு' என்று பொருள். இதன் அடிப்படை எளிமையானது. 2018 ஆம் ஆண்டுக்குள் முக்கியமான புதிய பிரவுசர்கள் அனைத்தும், ஒரு ஜாவா ஸ்கிரிப்ட் பைல் இன்னொன்றைத் தானாகவே கேட்டு வாங்கும் வசதியைப் பெற்றுவிட்டன. எனவே நாம் புரோகிராம் எழுதும் காலத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்று சேர்க்க வேண்டியதில்லை. பிரவுசர் கேட்கும் பைலை மட்டும் அந்த நேரத்தில் மாற்றிக் கொடுத்தால் போதும். அதனால் பெரிய புரோகிராம் கூடச் சட்டென்று தொடங்குகிறது. இறுதியாக வெளியிடும்போது மட்டும் சேர்த்துச் சுருக்குகிறது. இந்த வேலைக்கு ரோல்அப்பைப் பயன்படுத்தி வந்த வீட்டில், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரோல்டவுன் இடம் பிடித்து வருகிறது. ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் மூன்றிற்கும் வீட் பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதனையே சிபாரிசு செய்கிறேன்.

என் பழைய புரோகிராம் ஏன் நின்றது என்று இப்போது பார்க்கலாம். நான் பயன்படுத்தியது 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற தயார் நிலைத் தொகுப்பு. 2016 இல் வந்த இது, 2020 இல் நான் எடுத்தபோது உள்ளே வெப்பேக்கின் 4 ஆம் பதிப்பைக் கொண்டிருந்தது. அந்தப் பதிப்பு பைல்களுக்கு அடையாளக் குறி தருவதற்கு எம்.டி.4 என்ற பழைய கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தியது. 2021 அக்டோபரில் வந்த நோட் ஜேஎஸ் 17 ஆம் பதிப்பு, பாதுகாப்பிற்காக ஓபன் எஸ்.எஸ்.எல். 3 க்கு மாறியது. அதில் எம்.டி.4 வழக்கமான நிலையில் முடக்கப்பட்டிருக்கும். என் புதிய லேப்டாப்பில் இருந்தது நோட் 18. ஆகவே பில்ட் நின்றுவிட்டது. பழைய முறையை அனுமதிக்கும்படி நோட்டிற்கு ஓர் அமைப்பைக் கொடுத்து அன்றைக்குச் சமாளித்தேன். ஆனால் அது நிரந்தரத் தீர்வல்ல. 2025 பிப்ரவரியில் கிரியேட் ரியாக்ட் ஆப் தொகுப்பையே, புதிய புரோகிராம்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவினரே அறிவித்துவிட்டனர்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைச் சரியாகவே மாற்றினார்கள். ஆனால் நமது ஒரு புரோகிராம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொகுப்புகளைச் சார்ந்திருக்கும்போது, எங்கோ ஒன்று மாறினால் இங்கே நிற்கிறது. 2016 மார்ச்சில் 'லெப்ட் பேட்' என்ற வெறும் 11 வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் நீக்கியபோது, உலகம் முழுவதும் ஏராளமான புரோகிராம்களின் பில்ட் நின்று போனது நினைவிருக்கலாம்.

இப்போது கடையின் வெப்சைட்

அந்த வாரக் கடைசியிலேயே அதனை மாற்றி எழுதினேன். விலைப் பட்டியல் முழுவதும் சாதாரண எச்.டி.எம்.எல். அட்டவணை. மேலே ஒரு தேடல் கட்டம். அதில் "புஷ்" என்று டைப் செய்தால், அந்த எழுத்துகள் இல்லாத வரிகளை மறைக்கும் 20 வரி ஜாவா ஸ்கிரிப்ட். அவ்வளவுதான். லைப்ரரி இல்லை, பில்ட் டூல் இல்லை. சுருக்கிய நிலையில் மொத்தம் 12 கே.பி. அதே சிக்னலில் கால் நொடி. ஸ்கிரிப்ட் இயங்காவிட்டாலும் பட்டியல் தெரியும்.

கடைக் கணக்கைப் பார்க்கும் என் தங்கை பி.காம். படித்தவள். விலை மாறினால் அவளே பைலை நோட்பேடில் திறந்து, எண்ணை மாற்றி, சேவ் செய்து சர்வரில் ஏற்றிவிடுகிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை. இதைவிட வேறு சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. படிப்பதற்கான பக்கம் (கடை, பள்ளி, சங்கம், விலைப் பட்டியல்): எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். போதும். தேவைப்பட்டால் சில வரிகள் ஜாவா ஸ்கிரிப்ட்.

2. பெரும்பகுதி படிப்பதற்கு, ஓரிரு இடத்தில் கணக்கு அல்லது படிவம்: ஒரே ஸ்கிரிப்ட் வரியில் வியூ. பில்ட் டூல் வேண்டாம்.

3. திரை முழுவதும் மாறிக் கொண்டே இருக்கும் தகவல் (பில்லிங், இருப்புக் கணக்கு, டிக்கெட் பதிவு): ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் இவற்றில் ஒன்றுடன் வீட். பெரிய குழு என்றால் ஆங்குலரையும் பரிசீலிக்கலாம். இங்கே லைப்ரரி இல்லாமல் எழுத முயன்றால் நீங்கள்தான் சிரமப்படுவீர்கள். என் அலுவலக வேலை இந்த வகை. அதனால்தான் அங்கே ரியாக்ட்டை விடாமல் பயன்படுத்துகிறேன்.

4. வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால்: முதலில் ஜாவா ஸ்கிரிப்ட்டை நன்கு கற்றுக் கொண்டு, பின் ரியாக்ட், டைப் ஸ்கிரிப்ட். நான் பார்க்கும் வேலை வாய்ப்பு விளம்பரங்களில் இவையே அதிகம்.

பில்ட் டூல் பயன்படுத்துவது என்று முடிவு செய்தால் மூன்று விஷயங்களை மறவாதீர்கள். எந்த நோட் பதிப்பில் செய்தீர்கள் என்பதை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்கவும். தொகுப்புகளின் பதிப்பு எண்களைக் கொண்ட லாக் பைலை அழிக்காமல் புரோகிராமுடனேயே வைத்திருக்கவும். பில்ட் செய்து முடித்த போல்டரைத் தனியே ஒரு பிரதி எடுத்து வைக்கவும். அதில் உள்ளவை வெறும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவா ஸ்கிரிப்ட் பைல்கள்தான். நோட் இல்லாமலேயே அவை பல ஆண்டுகள் இயங்கும்.

உங்கள் பக்கத்தைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. குரோம் பிரவுசரில் பக்கத்தைத் திறந்து எப்12 கீயை அழுத்தவும். நெட்வொர்க் என்ற டேபில் வேகத்தைக் குறைக்கும் வசதி கிடைக்கும். அதில் 3ஜி என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை மீண்டும் ஏற்றவும். எத்தனை நொடி வெள்ளையாக இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். அதன் பின் உங்கள் வீட்டிலேயே விலை குறைந்த போன் எதுவோ அதிலும் திறந்து பாருங்கள். 2020 இல் இந்தச் சோதனையை நான் ஐந்து நிமிடம் செய்திருந்தால், அப்பா மூன்று ஆண்டுகள் என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்க வேண்டியிருக்காது.